அத்தாயி அழவேயில்லை

அர்த்தனாரிக்கு ஐம்பத்தேழு வயதில் ஒரு விளம்பரத்தின் மேல் பைத்தியம் பிடித்தது. அவரைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டியிருந்தது அவர் மனைவி அத்தாயிக்குத்தான்.

மலைமேல் எடப்புளி நாட்டில் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் சரிவு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, நடுவே மரவள்ளி, மேட்டில் கொஞ்சம் சாமை. ஒரே மகள் பூங்குழலியை நாமக்கல்லில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தாயி வேலையில் கெட்டி, அர்த்தனாரி பேச்சில் கெட்டி. மகளை வழியனுப்பிய அன்று ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றபோது, பந்தியில் ரசம் பத்துமா என்று பார்க்கப் போன மனுஷன் அவர். அப்படிப்பட்டவர் ஒரு டீத்தூள் விளம்பரத்துக்கு அழுதார் என்றால் யார் நம்புவார்கள்?

மத்தியான சீரியலின் நடுவில் அது வரும். ஒரு வீட்டில் ஒரு பெண் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுக்கிறாள். மாமனாருக்கு, பிள்ளைகளுக்கு, புருஷனுக்கு. கடைசியில் தன் டம்ளரை எடுக்கும்போது யாராவது கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு நாளும் அவள் ஆறிப்போன டீயை நின்றபடியே மடமடவென்று குடிக்கிறாள். ஒருநாள் புருஷன் அதைப் பார்த்துவிடுகிறான். மறுநாள் காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து டீ போட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறான். அவள் உட்கார்ந்து ஒரு வாய் குடிக்கிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர். ஆரம்பத்தில் வந்த அதே புல்லாங்குழல். முடிந்தது.

"பேச்சே கெடையாது, பாத்தியா புள்ள? ஒத்த வார்த்தை இல்லாம சொல்லிப்போட்டான்!" என்பார் அர்த்தனாரி, தோள் துண்டால் கண்ணை ஒற்றியபடி.

பன்னிரண்டாவது தடவையோ பதின்மூன்றாவது தடவையோ பார்த்தபோது அவருக்கு இன்னொன்று பிடிபட்டது. முன்னால் வரும் காட்சிகளில் அவள் டம்ளரிலிருந்து ஆவி வராது. கடைசியில்தான் ஆவி பறக்கும். "எவனோ உக்காந்து ரோசனை பண்ணியிருக்கான். சும்மா இல்ல. அந்த ஆவிதான் கதையே" என்று அடுப்படி வாசலில் வந்து நின்று சொன்னார். அத்தாயி அப்போது காலையில் போட்ட டீயை மத்தியானம் ஒன்றரை மணிக்குக் குடித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டுதான். அவர் அவளைப் பார்த்துத்தான் சொன்னார். டம்ளர்தான் அவர் கண்ணில் படவில்லை.

சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று டம்ளரைக் கழுவி வைத்தாள்.

விளம்பரம் நன்றாகத்தான் இருந்தது, அதை அவள் மறுக்கவில்லை. அவர் கவனிக்காத ஒன்றையும் அவள் கவனித்திருந்தாள். நாற்காலியில் உட்காரும் அந்தப் பெண், டம்ளரை வாங்கும் முன் இரண்டு கையையும் சேலையில் துடைப்பாள். கையில் ஈரம் இருக்காது. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாததால் கைக்கு ஒரு வேலை வேண்டுமே. அதை எடுத்தவன் எவனோ, அவனுக்குப் பெண்களைத் தெரியும் என்று அத்தாயிக்குத் தோன்றியது. ஆனால் இதைச் சொன்னால் அர்த்தனாரி இன்னும் ஒரு மாதத்துக்கு அதையே பேசுவார் என்று வாயைத் திறக்கவில்லை.

அது பற்றாது என்று பூங்குழலி வேறு அந்த விளம்பரத்தை அவர் போனுக்கு அனுப்பிவைத்தாள். அதன்பிறகு பக்கத்துக் காட்டுக்காரர், பால்காரர், ரேஷன் கடை வரிசை என்று ஒருவரையும் அவர் விடவில்லை. "அப்பா பாவம்மா, மனசு எளகிப்போச்சு" என்றாள் மகள். "எளகுன மனசு ஆட்டுக்கு ஒரு கட்டுத் தழை அறுத்துப் போடுமான்னு கேளு கண்ணு" என்று அத்தாயி போனை வைத்தாள்.

தை மாதம் மிளகு பறிப்பு. அர்த்தனாரிக்கு முட்டி வலி என்பதால் அத்தாயிதான் ஏறினாள். ஒற்றை மூங்கில் ஏணி. மேலே போய்க் கயிற்றால் மரத்தோடு கட்டும்வரை கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று அவள் பதினைந்தடி உயரத்தில், இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து புல்லாங்குழல் கேட்டது.

"சித்த இரு புள்ள, இதா வாரேன்!"

"ஏனுங்க! ஏனுங்க, ஏணிய உடாதீங்க!"

அவர் போய்விட்டார். முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ. ஏணி மெதுவாக ஒருபக்கம் சாய்ந்து, மரவள்ளிச் செடிகளின் மேல் விழுந்தது. அத்தாயி கிளைக்கவட்டில் ஒரு காலை ஊன்றி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கூப்பிட்டுப் பார்த்தாள். டிவி சத்தம்தான் இன்னும் கூடியது.

தண்ணீர் எடுக்க வந்த பக்கத்து வீட்டுத் தேன்மொழிதான் அவளைப் பார்த்தாள். "ஏனுங்க அத்தாயிக்கா, அங்க என்ன பண்றீங்க?"

"வேடிக்கை பாக்கறேன். ஏணிய எடுத்து வெய்யி சாமி."

தேன்மொழி ஏணியை நிமிர்த்திப் பிடிக்க, அவள் இறங்கி வீட்டுக்குள் போனாள். அர்த்தனாரி கண் கலங்க உட்கார்ந்திருந்தார். "இப்பத்தான் முடிஞ்சுது. நீயும் வந்திருக்கலாம்" என்றார்.

இருபத்தொன்பது வருஷம் பேசாததை அத்தாயி அன்று பேசினாள். "எவளோ ஒருத்தி ஆறுன டீ குடிச்சா அழுவறீங்களே, இந்த ஊட்ல ஒருத்தி என்னத்தக் குடிக்கறான்னு ஒருநாளாச்சும் பாத்தீங்களா? டிவிக்குள்ள இருந்தாத்தான் உங்க கண்ணுக்குப் பொம்பளையா? அந்த ஆவி தெரிஞ்ச கண்ணுக்கு ஏணி தெரியலீங்களா?" வாசலில் நின்ற தேன்மொழி, குடத்தை எடுத்துக்கொண்டு நைசாகக் கிளம்பிவிட்டாள்.

அர்த்தனாரி டிவியை அணைத்தார். அன்று முழுக்க அதைத் திரும்பப் போடவேயில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு அவள் எழுந்து போனாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அர்த்தனாரி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதே மாதிரி, தரையில் சத்தம் வருகிற மாதிரி. டம்ளரைக் கையில் கொடுத்தார். ஆவி பறந்தது. பிறகு முட்டியைப் பிடித்தபடி அவள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்தார்.

அத்தாயி ஒரு வாய் குடித்தாள். பாகு மாதிரி இனித்தது. டீத்தூள் வடிகட்டப்படாமல் நாக்கில் ஒட்டியது.

"எப்படி இருக்குது?"

"சுடுது."

அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கண்ணைப் பார்க்கிறார் என்பது அவளுக்கு மெல்லத்தான் புரிந்தது. "என்னங்க, தண்ணி வருதான்னு பாக்கறீங்களா?"

"இல்ல… வந்தா வரட்டும்னு…"

"எந்திரிச்சுப் போயி ஆட்டை அவுத்துக் கட்டுங்க. மூஞ்சிய இப்படிப் பாத்துக்கிட்டிருந்தா எவ குடிப்பா?"

அவர் போனார். அத்தாயி நாற்காலியில் உட்கார்ந்தே கடைசி வரை குடித்தாள், தூளைத் துப்பித் துப்பி. பிறகு அரை மணி நேரம் அடுப்பைத் தேய்த்தாள்.

மறுநாளும் அவர் டீ போட்டார். அதற்கு மறுநாளும் பால் பொங்கியது. இப்படியே பத்து நாள். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பதினோராவது நாள் முட்டிக்கு ஊசி போட நாமக்கல் பஸ்ஸில் இருவரும் போகும்போது, முன் சீட்டிலிருந்த, பக்கத்துப் பைல் நாட்டைச் சேர்ந்த பெண் ஒருத்தி அர்த்தனாரியை அடையாளம் கண்டு திரும்பி, "நீங்கதானுங்களா அந்த அக்கா? புருஷன் டீ போட்டுக் குடுத்ததும் கண்ணுல தண்ணி வந்துருச்சாமே? கேக்கவே மனசு எப்படியோ ஆயிருச்சுங்க" என்றாள்.

அத்தாயி புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எப்பங்க அழுதேன்?"

"கதைக்கு ஒரு முடிவு வேணுமில்ல புள்ள" என்றார் அவர், மெதுவாக.

அவ்வளவுதான். மரத்தில் தொங்கியது முதல் அடுப்புத் தேய்த்தது வரை, அந்தப் பெண்ணுக்கு என்று ஆரம்பித்து அத்தாயி பஸ்ஸுக்கே சொன்னாள். அவளுக்கு இப்படிச் சொல்ல வரும் என்று அவளுக்கே தெரியாது. "வேடிக்கை பாக்கறேன்னேனுங்க" என்ற இடத்தில் கண்டக்டர்கூட டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அர்த்தனாரியும் முதலில் சிரித்தார். "தேன்மொழி வர்ற வரைக்கும் விழுந்துருவேன்னுதானுங்க நெனச்சேன்" என்று அவள் சொன்னபோது அவர் சிரிப்பு நின்றது.

மூன்று நான்கு வளைவு தாண்டியதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நெசமா பயந்துட்டியா?"

அத்தாயி முழங்கையை மூடியிருந்த சேலையை விலக்கிக் காட்டினாள். மரப்பட்டை உரசிய தடம் நீளமாகக் கருத்துக் கிடந்தது. அர்த்தனாரி அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மஞ்சள் வெச்சியா புள்ள?"

"பத்து நாளாச்சு, ஆறியே போச்சு. இப்பக் கேக்கறீங்க" என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். மலை இறங்கி வந்த பஸ் காளப்பநாயக்கன்பட்டியில் நின்றது.