பாலிசி யார் பேரில்?

நாமக்கல் இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். முன்னால் லாரி ஓனர் சென்னியப்பன், பின்னால் அவருடைய டிரைவர் நான்.

அவருக்கு இருந்தது ஒரே லாரி. போன மாதம் ஓமலூர் பக்கம் ஒரு டிரெய்லர் குறுக்கே வர, நான் ஸ்டீயரிங்கை ஒடிக்க, வண்டி பள்ளத்தில் உருண்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. லாரி எலும்புக்கூடு. கிளெய்ம் வந்தால் அது மறுபடி ஓடும், எனக்கும் வேலை இருக்கும் - அந்த நம்பிக்கையில்தான் போனோம்.

ஆபீஸில் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பாலிசிதாரர் யாருங்க?"

"நாந்தானுங்க. வருசா வருசம் கட்டறது நானு."

"பாலிசி குப்புசாமிங்கறவர் பேருல இருக்குதுங்களே?"

யார் குப்புசாமி? சென்னியப்பனுக்கு அந்த லாரியை விற்றவர். ஆர்.சி.யில் பேரை மாற்றியாயிற்று. பாலிசியில் மாற்றவில்லை. மறதியா? அதுதான் இல்லை...

"அவரு பேருல இருந்தப்ப வண்டில ஒரு கீறல் உழுந்ததில்லீங்க அம்மணி. ராசியான பேரு... அப்படியே உட்டுட்டேன்."

அந்தப் பெண் பேனாவை மூடிவைத்தார். "வண்டி உங்களுது, பாலிசி அவருது. ரெண்டு பேருக்குமே தர முடியாதுங்க."

பணம் கட்டுகிறவர்தான் பாலிசிதாரர் என்று நானும் நினைத்திருந்தேன். எட்டாவதோடு நின்றவனுக்கு அந்த மேஜை முன்னால்தான் விளங்கியது - கம்பெனியோடு ஒப்பந்தம் யார் பேரில் இருக்கிறதோ, அவர்தான். வண்டி கை மாறினால் போய்ச் சொல்லி நம் பேரை ஏற்றிக்கொள்வது நம் பாடு. வண்டிக்குத் திருஷ்டி சுற்ற மறக்காத நாம், இதற்கு ஒரு நடை நடக்க மாட்டோமா?

பஸ் ஸ்டாண்டில் சென்னியப்பன் நின்றார். "நீ வேற வண்டி பாத்துக்க சாமி."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலை பரமத்தி வேலூரில் வாழைத்தார் ஏற்றும் வேலை கிடைத்தது. மினி லாரி. செகண்ட் ஹாண்டில் சல்லிசாக வாங்கியதாக ஓனர் பெருமையடித்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"பாலிசி யாரு பேருலீங்க?"

"ஏப்பா, தாரு ஏத்த வந்தியா, வண்டிய வெலை பேச வந்தியா?"

ஏற்றிக்கொண்டே சென்னியப்பன் கதையைச் சொன்னேன். பாதியிலேயே அவர் சிரிப்பு நின்றது. ஃபோனோடு நிழலுக்கு ஒதுங்கினார்.

"ஏனுங்க... பாலிசில பழைய ஓனரு பேர மாத்தோணுமுங்க. இன்னைக்கேங்க!"

எனக்குக் கூலி, தார் ஏற்றியதற்கு மட்டும்தான்.