எண்ணெய்க் கையும் இருநூறு மெகாபிக்சலும்

அம்மாவின் பதினாறாம் நாளுக்குப் பெரிய படம் போட வேண்டும் என்று தம்பியும் நானும் இன்று தென்காசியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம்.

தம்பி தன் போனை நீட்டினான். போன சாரல் சீசனில் குற்றாலத்தில் அவன் எடுத்த படம்.

"இருநூறு மெகாபிக்சல், அண்ணாச்சி. சுவர் அளவுக்குப் பெருசாக்கலாம்" என்றான் ஸ்டூடியோக்காரரிடம்.

ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தார். அம்மாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மங்கல்.

"எண்ணெய் தேச்ச கையோட எடுத்தியளோ?"

"ஆமா, அருவிக்குப் போறதுக்கு முன்னால எடுத்தது."

"லென்ஸ்ல விரல் பட்டிருக்கு தம்பி. இதப் பெருசாக்குனா எண்ணெய்தான் பெருசாத் தெரியும். லென்ஸ் சுத்தமா இருந்தா இந்த ஃபிரேமுக்குப் பத்து மெகாபிக்சலே போதுமே."

என் பழைய கேமரா பன்னிரண்டு மெகாபிக்சல். அன்றைக்கு அதை நான் வெளியே எடுத்தபோது, "அண்ணே, அந்த டப்பாவ உள்ள வையி, ஆளுக சிரிக்காவ" என்றான் தம்பி. நானும் வைத்துவிட்டேன். அவன் சொன்ன எதையும் நான் மறந்ததில்லை. இதையும் மறக்கப்போவதில்லை.

திரும்பும்போது அவனைத் திட்டலாம் என்று நினைத்தேன். ஆலங்குளம் பஸ்ஸில் அவன் லென்ஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான்.

அம்மா கேமராவைக் கண்டால் நகர்ந்துவிடுகிறவள். வீட்டில் வேறு படம் இல்லை. இதைப் படிக்கும் சொந்தக்காரர்களே, உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களில் ஓரமாகவாவது அம்மா நின்றால் அனுப்புங்கள். என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் அனுப்பலாம். எத்தனை மெகாபிக்சல் என்று கேட்க மாட்டேன்.