அறுபதுக்கு ஒன்று

யோகராஜாவுக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். சுவிசில், துன் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பெரிய ஹோட்டலின் பின்வாசலில், காலை ஆறரைக்கு வந்து நிற்கும் லொறிகளிலிருந்து மீன், இறைச்சி, மரக்கறி எல்லாவற்றையும் பொறுப்பெடுப்பது அவருடைய வேலை. பெட்டியைத் திறப்பார், வெப்பமானியைக் குத்துவார், மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், மேலே அடுக்கியிருக்கும் நல்ல தக்காளியைத் தள்ளிவிட்டு அடியில் கை விடுவார். பிறகுதான் கையெழுத்து. பத்தொன்பது வருடமாக இப்படி. லொறிச் சாரதிகள் அவரைக் கண்டால் தாங்களாகவே அடிப்பெட்டியை இழுத்து மேலே வைத்துவிடுவார்கள்.

இந்தக் குணம் வேலையால் வந்ததல்ல. இருபத்தொரு வயதில் அகதியாக வந்து இறங்கியபோது, விசாரணையில் ஓர் அதிகாரி அவர் கொழும்புக்கு வந்த பஸ் என்ன நிறம் என்று கேட்டார். சிவப்பு என்றார். இரண்டு மணித்தியாலம் கழித்து, வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருக்கையில் அதே கேள்வி திரும்பி வந்தது. நீலம் என்றார். அனுராதபுரத்தில் பஸ் மாறியதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, கேட்கவும் ஆளில்லை. அந்த இரண்டு நிறங்களுக்கும் விளக்கம் எழுதிக் கொடுத்து வழக்கு முடிய நாலு வருடம் போனது. அன்றிலிருந்து அவர் ஒரு துண்டுக் கடிதத்தையும் எறிந்ததில்லை. வரவேற்பறை அலுமாரியில் பதினேழு கோப்புகள், முதுகில் ஆண்டு எழுதி, வரிசையாக நிற்கும்.

அவருடைய ஒரே மகள் ரிஷானிக்கு இருபது வயது. ஒரு காப்புறுதி அலுவலகத்தில் மூன்று வருடத் தொழிற்பயிற்சி முடித்து, அங்கேயே வேலைக்கு நின்றாள். மேலே படிக்க ஆசை. இங்கே அதற்கு முதலில் பெறூஃப்ஸ்மத்தூரா என்று இன்னொரு வருடம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கோப்பைகளைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் கொம்பியூட்டரைத் தகப்பன் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, இது ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின்ட பட்டம். மத்தூரா தேவையில்லை, இஞ்ச இருந்தே ஒன்லைனில படிக்கலாம். நூற்றிருபது கிரெடிட் சேர்க்கவேணும். அதில மூன்றில ஒரு பங்கு பொதுப்பாடம். கணக்கு, விஞ்ஞானம், சரித்திரம், உளவியல் எண்டு வரும். என்ன துறை எடுத்தாலும் அதைப் படிக்கத்தான் வேணும். அதைப் பல்கலைக்கழகத்திலேயே படிச்சா செலவு கூட. வெளியில சோதினை எழுதிப் பாஸ் பண்ணலாம், இல்லாட்டி மலிவான ஒன்லைன் வகுப்பொண்டை முடிக்கலாம். பிறகு அந்தக் கிரெடிட்டைப் பல்கலைக்கழகத்துக்கு மாத்தலாம். ஒரு பாடத்துக்கு மூன்று கிரெடிட்."

யோகராஜா திரையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"ஆர் சொன்னது?"

"என்னோட படிச்ச கோபிசன்ட அக்கா. அவ அப்பிடித்தான் செய்யிறா."

"அவவுக்கு இதில என்ன?"

"என்ன எண்டா?"

"உன்னைச் சேர்த்துவிட்டா அவவுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்டும் கிடைக்காதப்பா."

"ஒண்டும் கிடைக்காமல் ஒராள் இவ்வளவு விவரம் சொல்லுமோ?"

குசினியிலிருந்து மனைவி யசோதரா, "இஞ்சேருங்கோ, பிள்ளை என்ன வீடோ வாங்கப்போகுது?" என்றாள். அவர் அன்று பின்னேரமே ஒரு புதுக் கோப்பு எடுத்தார்.

முதலில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போனது. இலக்கமிட்டுப் பதினாலு கேள்விகள். ரிஷானிதான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். கடிதத்துக்குப் பதிலாக மின்னஞ்சலே அனுப்பலாமே என்று அவள் கேட்டதற்கு, "தபால்காரன் போய்த் தட்ட ஒரு கதவு இருக்கோ எண்டு பாக்கவேணும்" என்றார். கதவு இருந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட அட்டை திரும்பி வந்தது. மூன்று கிழமையில், பதினாலு கேள்விக்கும் பதினாலு பதில் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. அதை அச்செடுத்து, வரிக்கு வரி பென்சிலால் கோடிட்டார். அதிலிருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அவர் எடுக்கவில்லை. வேறிடத்தில் தேடிப் பிடித்த இலக்கத்துக்கு எடுத்து, பதிலின் கீழே பெயர் போட்டிருந்த பெண் அங்கே உண்மையில் வேலை செய்கிறாளா என்று கேட்டார். வேலை செய்கிறாள் என்றார்கள்.

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அடியில் கை விட்டுப் பார்க்காத பெட்டி அது.

"நான் முதல் ஒரு சோதினை எழுதிப் பாக்கிறன்" என்றார் ஒரு நாள். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

யோகராஜா உயர்தரத்தில் கணிதப் பிரிவு. நல்ல கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவர். சண்டை வந்து, பரீட்சைக்கு முதலே படிப்பு நின்றது. அவருடைய ஆங்கிலம் ஹோட்டல் ஆங்கிலம். அவர் எழுத எடுத்தது அட்சரகணிதம்; x, y கணக்குக்கு அது போதும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து இராச்சாப்பாட்டு ஆயத்தம் தொடங்கும் வரை ஹோட்டல்காரருக்கு மூன்று மணித்தியால இடைவெளி. அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து, கொம்பியூட்டர் முன்னால் இருந்தார்.

பரீட்சையைக் கமரா வழியாக ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருப்பான். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னான். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னான். தன் வீட்டுச் சாமான்களை முகம் தெரியாத ஒருவன் பார்ப்பதா என்று யோகராஜா தொலைக்காட்சியையும் அலுமாரியையும் முன்கூட்டியே போர்வையால் மூடி வைத்திருந்தார்.

"போர்வையை எடுங்கள்" என்றான் அவன் ஆங்கிலத்தில். "பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்."

எடுத்தார். மேசைக்குக் கீழே காட்டினார். இரண்டு காதையும் திருப்பிக் காட்டினார். அவனுடைய சந்தேகம் அவருக்கு ஓரளவு பிடித்திருந்தது.

ஒன்றரை மணித்தியாலத்தில் பரீட்சை முடிந்தது. அடுத்த நிமிடமே திரையில் 'சித்தி' என்று வந்தது. ரிஷானி வேலையால் வந்து கட்டிப்பிடித்தாள். யோகராஜா அச்செடுத்த பெறுபேற்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருபத்தெட்டு வருசம் கணக்குப் பக்கமே போகாதவன் ஒரே முறையில பாஸ். என்னெண்டு?"

"உங்களுக்குக் கணக்குத் தெரியுமப்பா."

"இல்லாட்டி காசு கட்டின எல்லாரையும் பாஸ் பண்ணுறாங்கள்."

அந்த எண்ணம் ஒரு கிழமை அவரை விடவில்லை. மீன் பெட்டியைத் திறக்கும்போதும் அதே யோசனை. எவரையும் சித்தியாக்குகிற பரீட்சை என்றால், அந்தக் கிரெடிட்டுக்கு நாளைக்கு ஒருவனும் மதிப்புக் கொடுக்கமாட்டான். பிள்ளையின் மூன்று நாலு வருடம் வீணாகும். கண்டுபிடிக்க ஒரு வழிதான் இருந்தது. தோற்றுப் பார்க்க வேண்டும்.

புள்ளிவிபரவியல் பாடத்துக்குப் பதிந்தார். எல்லாம் பிழையாக எழுத வேண்டுமென்றால் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு மாதம் விழுந்து விழுந்து படித்தார். ஆங்கிலச் சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதி வேலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பரீட்சையில் அறுபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலு விடைகள். ஒவ்வொரு கணக்கையும் ஒழுங்காகச் செய்து, சரியான விடையைக் கண்டுபிடித்து, அதைத் தவிர்த்து வேறொன்றைத் தொட்டார்.

சித்தியில்லை என்று வந்தது. அறுபதுக்கு ஒன்று.

அவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு விதமாக இருந்தது. தோற்கடிக்கிறார்கள்; ஆகவே பரீட்சை உண்மையானது. ஆனால் அந்த ஒன்று? பிழை என்று நினைத்துத் தொட்ட விடை சரியாக இருந்திருக்கிறது. அறுபதும் தெரியும் என்றல்லவா நினைத்திருந்தார். எந்தக் கேள்வி என்று சொல்லமாட்டார்கள். தாளும் பேனையும் எடுத்து, ஞாபகத்தில் இருந்த கணக்குகளை எல்லாம் மறுபடி செய்து பார்த்தார். பிடிபடவில்லை.

"பிள்ளை, நீ எழுதலாம்" என்றார் அன்று ரிஷானியிடம். "இது சுத்துமாத்து இல்லை."

அவள் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. "பாப்பம் அப்பா" என்றாள். அவருடைய மூளை அதையும் ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொண்டது.

தோற்ற பரீட்சையைத் திரும்ப எழுத மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பொறுத்தார். ஏன் என்று யசோதரா கேட்டதற்கு, "கோப்பில தோல்வியோட ஒரு தாள் கிடக்கக்கூடாது" என்றார். இந்த முறை அறுபதுக்கு ஐம்பத்தேழு. ஆனால் 'சித்தி' என்ற சொல் திரையில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து பரீட்சை நடத்துபவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய இரண்டு பெறுபேறுகளுக்கும் இடையில் வழமைக்கு மாறான வித்தியாசம் இருக்கிறது. விசாரணை முடியும் வரை புள்ளிகள் நிறுத்தி வைக்கப்படுகின்றன. குறித்த நாளில் காணொளி விசாரணைக்குச் சமுகமளிக்க வேண்டும்.

விசாரணை என்ற சொல்லின் கீழ் அவர் பென்சிலால் இரண்டு கோடு போட்டார். அந்தக் கிழமை முழுக்க அவருக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை. யசோதரா சொதி வைத்துக் கொடுத்தாள். அதையும் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். எதைக் கேட்பார்கள், எதை இரண்டாவது முறை கேட்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாடமாக்கினார். பிறகு, ஒரு நிறத்தைச் சொல்லிவிட்டு இன்னொரு நிறத்தைச் சொன்னவன்தானே நான் என்று அந்தத் தாளைக் கிழித்தார். வாழ்க்கையில் அவர் கிழித்த முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

திரையில் வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தாள். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாள்.

"காட்டுகிறேன்" என்றார் யோகராஜா. "நீங்களும் உங்களுடையதைக் காட்டுங்கள்."

அவள் சற்று யோசித்தாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அலுவலக அட்டையை எடுத்துக் கமராவுக்கு முன்னால் பிடித்தாள். அவர் பெயரைத் தாளில் குறித்தார். பிறகு தன் அட்டையைப் பிடித்தார். அவளும் குறித்தாள்.

"நாலு விடையில் ஒன்று சரி" என்றாள் அவள். "கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பதினைந்து கேள்வி சரியாகியிருக்கும். உங்களுக்கு ஒன்றுதான் சரி. இது தெரியாதவனுடைய விடைத்தாள் இல்லை. எல்லாம் தெரிந்த ஒருவன் வேண்டுமென்றே எழுதியது. பிறகு இரண்டாவது தடவை ஐம்பத்தேழு. முதல் தடவை கேள்விகளைத் திருடிக்கொண்டு போக வந்தீர்களா? இல்லாவிட்டால் இரண்டு தடவையும் வந்தது வேறு வேறு ஆட்களா?"

"இரண்டு தடவையும் நான்தான்."

"அப்படியென்றால் ஏன்?"

பொய் ஒன்றும் அவர் வாயில் வரவில்லை. "நீங்கள் காசு வாங்கிக்கொண்டு எல்லாரையும் சித்தியாக்குகிறீர்களோ என்று பார்த்தேன். என் மகள் இதை நம்பிப் படிக்க இருந்தாள்."

அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தாள். திரையில் ஒரு கணக்கைப் போட்டாள். செய்தார். இன்னொன்று. அதையும் வாயால் விளக்கிக்கொண்டே செய்தார். ஆங்கிலம் தடக்கியபோது எண்களால் சமாளித்தார். ஐந்து கணக்கு முடிந்ததும் அவள் பேனையை வைத்தாள்.

"இந்த வேலையில் எனக்குப் பதினோரு வருடம். எங்களைப் பரீட்சித்துப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். முடிவை எழுத்தில் அறிவிப்போம்."

"ஒரு கேள்வி" என்றார் யோகராஜா. "அந்தச் சரியான ஒன்று எது?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்றாள். முகத்தில் சிரிப்பு வந்ததா இல்லையா என்று அவருக்கு நிச்சயமில்லை.

மூன்று கிழமையில் புள்ளிகளை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. ஐம்பத்தேழு. மூன்று கிரெடிட். அட்சரகணிதத்தோடு சேர்த்து ஆறு. அவர் அதைச் சாப்பாட்டு மேசையில் ரிஷானிக்கு முன்னால் வைத்தார்.

"இந்தா பிள்ளை, வழி துப்புரவாக்கியாச்சு. எப்ப பதியப்போறாய்?"

அவள் கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "அப்பா, நான் இஞ்சத்தைய பெறூஃப்ஸ்மத்தூராவுக்குப் பதிஞ்சிட்டன். ஓகஸ்டில தொடங்குது. பிறகு பேர்ணில படிப்பன்."

"எனக்குச் சொல்லாமலோ?" அவருடைய குரல் தணிந்தது. "ஆர் உனக்கு அதைச் சொன்னது?"

"நீங்கள்தான். அவங்கள் எழுதின பதினாலு பதிலையும் நான் வாசிச்சனான். பன்னிரண்டாவதை எடுத்துப் பாருங்கோ."

அவர் எழும்பிப் போய்க் கோப்பை எடுத்தார். பன்னிரண்டாவது பதிலுக்குக் கீழேயும் அவருடைய பென்சில் கோடு இருந்தது. இந்தப் பட்டத்தைச் சுவிசில் ஒவ்வொரு வேலைகொள்பவரும் எப்படி மதிப்பார் என்று தங்களால் உறுதி தர முடியாது. சில தொழில்களுக்கு அது அங்கே போதாமல் போகலாம். பதிய முன் உள்ளூரில் விசாரித்துக்கொள்ளவும். தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். பொய் சொல்கிறார்களா என்று பார்ப்பதிலேயே குறியாக இருந்தவர், அவர்கள் சொன்ன உண்மையைத் தாண்டிப் போயிருந்தார்.

"நான் விரும்பிற வேலைக்கு இஞ்சத்தைய படிப்புத்தான் சரிவரும் எண்டு அலுவலகத்திலயும் கேட்டனான்" என்றாள் ரிஷானி. "நீங்கள் அவ்வளவு பாடுபட்டுக்கொண்டு இருக்கேக்க சொல்ல மனம் வரேல்லை."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட ஆளைத் தேடினார், ஒருவரும் அகப்படவில்லை. இரண்டு நாள் அந்தக் கோப்பைத் தொடவில்லை. மூன்றாம் நாள் யசோதராதான் கேட்டாள்.

"அப்ப அந்த ஆறு கிரெடிட்டையும் என்ன செய்யப்போறியள்?"

"என்ன செய்யிறது. கிடக்கட்டும்."

"ஏனப்பா? உங்களுக்கு என்ன வேலைகொள்பவரோ பாக்கப்போறார்? மற்றதையும் எழுதுங்கோவன்."

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். இந்த மனுசிக்கு இதில் என்ன? அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

அது நடந்து ஒன்றரை வருடம். உயிரியலை முதல் தடவையிலும், அமெரிக்கச் சரித்திரத்தை இரண்டாவது தடவையிலும் கடந்தார். அந்தச் சரித்திரத்தில் உண்மையாகவே தோற்றபோது ஒரு கிழமை மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். மிச்சத்தில் சிலவற்றுக்குப் பரீட்சை சரிவராது, ஒன்லைன் வகுப்புத்தான். எழுதின பாடங்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியபோது இருபத்தேழு கிரெடிட்டை ஏற்றுக்கொண்டு, மூன்றை வேண்டாமென்று திருப்பினார்கள். ஏன் என்று கேட்டு எழுதினார். காரணம் நியாயமாக இருந்தது. கடந்த சித்திரையில் அங்கே பகுதிநேர மாணவனாகப் பெயர் பதிந்தார். ஐம்பது வயது. பட்டம் முடிய இன்னும் ஐந்து வருடமாவது எடுக்கும் என்று அவரே கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்.

சனிக்கிழமைகளில் தகப்பனும் மகளும் சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கத்திலும் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு இருப்பார்கள். ரொட்டி தட்ட இடமில்லாமல் போன யசோதரா, ஒரு நாள் பழைய சாமான் கடைக்குப் போய் இன்னொரு மேசை வாங்கி, லிஃப்டில் ஏற்ற முடியாமல் பக்கத்து வீட்டுக்காரனையும் பிடித்துக்கொண்டு நாலு மாடி தூக்கி வந்தாள். ஒரு கால் கொஞ்சம் கட்டை. யோகராஜா அதற்கடியில் மடித்த கடதாசி ஒன்றை வைத்துவிட்டு, அங்கே போய் இருந்து, உளவியல் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தார்.