ஓட்டூட்டுப் பொடி

பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பைப் பல்லால் கடித்து இழுத்தால் 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் எனக்கு அண்ணன் வீட்டு முன்னறைதான் கண்ணுக்குள் வருகிறது. சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு, வாயில் டேப்போடு என் அண்ணி. பேச வேண்டுமென்றால் டேப்பின் முனையை உதட்டில் ஒட்டவைத்தபடியே பேசுவார். பாதி வார்த்தை விளங்காது. "கத்திரி எடுத்துட்டு வரட்டுங்களா நங்கையா?" என்று கேட்பேன். அண்ணன் மனைவியைக் கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். "கத்திரியத் தேடற நேரத்துல நாலு பொட்டி ஒட்டீருவேன், போ அம்மிணி" என்பார். முன்பல்லின் ஓரம் அந்த டேப்பாலேயே கொஞ்சம் உடைந்து போயிருந்தது. பல் டாக்டரிடம் போங்க என்றால், சீசன் முடியட்டும் என்பார். கொள்ளுப் பொடிக்கு ஏது சீசன்? அப்படி ஒன்று வந்ததும் இல்லை, முடிந்ததும் இல்லை.

இதையெல்லாம் உருகி உருகி எழுத எனக்கு வராது. நினைத்தாலே வயிறு எரிகிறது. எரிச்சலோடுதான் எழுதுகிறேன். அதுவும் என் கூடப்பிறந்த அண்ணன்மேல்.

அண்ணன் மீனாட்சிபுரம் போகும் சாலையில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். அது படுத்துவிட்டது. அதன் பிறகு அவர் செய்த முழுநேர வேலை, மீசையை நீவிக்கொண்டு ஊர் நியாயம் பேசுவது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அண்ணி பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்க்காரர், கொள்ளுப் பொடி இடிப்பதில் கெட்டிக்காரர். கல் பொறுக்கி, வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டு அரைப்பார். பெங்களூரில் இருந்த அவருடைய தங்கை ஒரு டப்பா கொண்டுபோனார். அடுத்த வீட்டுக்காரி கேட்டாள், மேல்மாடிக்காரி கேட்டாள். அப்புறம் அண்ணி என்னிடம் வந்தார். "அம்மிணி, போன்லயே கடை வெக்கலாமாமா? உனக்குத்தான் இங்கிலீசு தெரியுமே. என்னன்னு பாரு." நான் நாலு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். கையில் போனும் நேரமும் இருந்தன. ஒரு பெரிய விற்பனைச் செயலியில் கடை திறக்க விண்ணப்பம் போட உட்கார்ந்தோம்.

அங்கேதான் முதல் முட்டு. அண்ணியின் ஆதாரில் இருந்தது பிறந்த வீட்டு விலாசம், தமிழ்நாடு. கடை நடக்கும் வீடோ கேரளம். நடுவில் ஒரு செக்போஸ்ட்டும் சில தென்னந்தோப்பும்தான், ஆனாலும் செயலிக்கு அது ஏழு கடல். விலாசத்தை மாற்ற வேண்டுமென்றால் வில்லேஜ் ஆபீஸ், பஞ்சாயத்து, திரும்பவும் வில்லேஜ் ஆபீஸ். அண்ணிக்கு மலையாளம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஒவ்வொரு ஜன்னலிலும் "நாளெ வரூ" என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் படுத்திருந்த அண்ணன் ஒரு வழி சொன்னார். "அட, இதுக்குப் போயி இத்தனை வெசனமா? இப்ப அவசரத்துக்கு என்ற பேருல போட்டுக்குவோம். அப்பறம் மாத்திக்கலாம் புள்ளே." உரிமையாளர் பெயர், பேங்க் கணக்கு, உணவு லைசென்ஸ் எல்லாம் அண்ணன் பெயரில் ஆயிற்று. அவர் செய்தது ஒரு செல்ஃபி எடுத்துக் கொடுத்ததுதான். அதுவும் இரண்டாம் தடவைதான் சரியாக வந்தது.

கடைக்குப் பெயர் வைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வீட்டுப்பேர் உண்டு, ரேஷன் கார்டு முதல் எல்லாவற்றிலும் அது வேண்டும். எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை. என் அப்பா காலத்தில் கணக்கெடுக்க வந்த சார், "வீட்டுப்பேரெந்தா?" என்று கேட்டிருக்கிறார். எந்த மாதிரி வீடு என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து அப்பா, "ஓட்டூடுங்க" என்று பணிவாகச் சொன்னார். ஓட்டு வீடு என்றால் எங்கள் பேச்சில் ஓட்டூடு. அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். பிறகு ஓட்டைப் பிரித்துக் காங்கிரீட் போட்டாயிற்று. காகிதத்தில் மட்டும் இன்றைக்கும் நாங்கள் ஓட்டூட்டுக்காரர்கள். செயலியில் கடைப் பெயர் கேட்டபோது நான் சிரித்துக்கொண்டே அதையே போட்டேன். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அது உடனே பிடித்துப் போயிற்று. சென்னையிலிருந்து ஒருவர், எவ்வளவு ஆழமான பெயர், என்ன அர்த்தம் என்று கேட்டு எழுதினார். நான் என்னத்தைச் சொல்ல!

அதன் பிறகு அண்ணி உழைத்தார் பாருங்கள், மாடு தோற்றுப்போகும். விடிந்ததும் வறுப்பு, கரண்டு போவதற்குள் மில், வெயிலில் உலர்த்தல், மத்தியானம் பாக்கெட். பாக்கெட் உறையும் அட்டைப்பெட்டியும் வாங்கப் பொள்ளாச்சி பஸ்ஸில் போய் தலைச்சுமையாகக் கொண்டுவருவார். பார்சல் எடுக்க வண்டி வராது. பாலக்காட்டுக் கூரியர் ஆபீஸில் கேட்டால் அது பொள்ளாச்சிக்காரர் எல்லை என்பார்கள். பொள்ளாச்சியில் கேட்டால், "அது கேரளாங்க" என்று போனை வைப்பார்கள். பிறகென்ன, மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அண்ணியே போவார். கண்டக்டர் மூட்டைக்கும் டிக்கெட் போடுவார், அவரோடும் ஒரு சண்டை. கேரளத்தில் ஏன் ஒருவரும் வாங்கவில்லை என்று வெகுநாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். அப்புறம்தான் உறைத்தது, அவர்களுக்குக் கொள்ளு என்றால் தெரியாது, முதிர என்றால்தான் தெரியும். கடையில் அந்த வார்த்தையையும் சேர்த்த வாரமே திருச்சூரிலிருந்து ஆர்டர் வந்தது. அண்ணி என் கன்னத்தைக் கிள்ளினார்.

புகார்களும் வந்தன. குதிரைக்குப் போடுவதை மனுஷனுக்கு விற்கிறீர்களே என்று ஒரு புண்ணியவான் ஒற்றை ஸ்டார் கொடுத்தார். பாதி தின்றுவிட்டுப் பிடிக்கவில்லை என்று பாக்கெட்டைத் திருப்பி அனுப்பினாள் ஒருத்தி. நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பதில் எழுதுவேன். அண்ணி அழிக்கச் சொல்வார். "போச்சாது உடு. பொடி நெடி ஏறியிருக்கும். அடுத்த வாட்டி மொளகாயக் கொறச்சு அனுப்பறேன்னு எழுது." அப்படி எழுதி எழுதித்தான் ஸ்டார்கள் சேர்ந்தன. முன்னறை போதாமல் பின்னால் தகர ஷெட் போட்டார். துணைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். கொள்ளுப் பொடி என்று தேடினால் ஓட்டூட்டுப் பொடி முதல் பக்கத்திலேயே வந்தது.

ஒரே ஒரு குறைதான் அண்ணிக்கு. பாக்கெட்டின் பின்புறம் 'தயாரிப்பாளர்' என்ற இடத்தில் அண்ணன் பெயர் இருந்தது. புது உறை அச்சடிக்கும் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "ஏனுங்க, இந்த வாட்டியாச்சும் என்ற பேருக்கு மாத்தீரலாங்களா?" அண்ணன் மீசைக்குப் பின்னாலிருந்து, "அப்பறம் பாக்கலாம். யாரு பேருல இருந்தா என்ன, நம்மதுதான?" என்பார். அண்ணியும் உறையை அச்சுக்குக் கொடுத்துவிடுவார். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். "வற்புறுத்துங்க நங்கையா" என்பேன். "சொல்லீட்டுத்தான அம்மிணி இருக்கறேன்" என்பார்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் அண்ணி போனை எடுத்துக்கொண்டு வெயிலில் ஓடிவந்தார். "கடை தொறக்க மாட்டேங்குது அம்மிணி." பார்த்தேன். பாஸ்வேர்டு மாறியிருந்தது. இருவரும் அண்ணனிடம் போனோம். அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். பாலக்காட்டில் அவருக்குப் பழக்கமான ஒரு மசாலா கம்பெனிக்காரர், ஓட்டூட்டுப் பெயரோடு, ஸ்டாரோடு, மொத்தக் கடையையும் கேட்டாராம். இவரும் நேற்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். "உனக்குச் சொல்லாமச் செஞ்சது ஒரு சந்தோசத்துக்குத்தான் புள்ளே. இனி நீ அடுப்புல கெடந்து வேகோண்டாம். ராணியாட்டம் உக்காரு."

திருடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அந்த மனுஷர் நிஜமாகவே பெண்டாட்டிக்கு நல்லது செய்துவிட்டதாக நம்பினார். நான் கத்தினேன். சொந்த அண்ணனைச் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். அண்ணி கத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மைசூர்ல ஒரம்மாவுக்கு உப்பில்லாம அனுப்போணும். ரத்தக்கொதிப்புக்காரங்க. அதைய அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"அதெல்லாம் கம்பெனிக்காரங்க பாத்துக்குவாங்க" என்றார் அண்ணன். அண்ணி ஷெட்டுக்குப் போய், வறுத்து ஆறவைத்திருந்த கொள்ளை டின்னில் அள்ளி மூடினார்.

செயலியின் வாடிக்கையாளர் சேவைக்கு நான் விடாமல் பேசினேன். எத்தனையோ பேர், எல்லாருக்கும் தேனொழுகும் குரல். "பதிவு செய்த உரிமையாளரைப் பேசச் சொல்லுங்க மேடம்." "செஞ்சது எங்க அண்ணிங்க." "புரியுதுங்க மேடம். உரிமையாளர்தான் பேசணும்." என்ன புரிந்ததோ, நாசமாய்ப் போக.

இப்போதும் ஓட்டூட்டுப் பொடி விற்கிறது. தங்க எழுத்தில் பளபளப்பான உறை. உள்ளே மெஷினில் அரைத்த மாவு. பழைய ருசி இல்லை என்று யாராவது எழுதினால் எனக்கு உள்ளூரக் குளிரும், மறுநிமிஷமே வயிறு பற்றிக்கொள்ளும். அந்த ஸ்டார் ஒவ்வொன்றும் அண்ணி வியர்வை சிந்திச் சேர்த்தது.

வெகு நாள் சும்மா இருந்த அண்ணி, போன தையில் என் வீட்டுக்கு வந்தார். "உன்ற பொடக்காளி ரூம்பு சும்மாதான கெடக்குது?" என்றார். எங்கள் வீட்டுப் பின்புறத்து அறையைக் கேட்கிறார். என் வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஆதார், லைசென்ஸ், பேங்க் கணக்கு என்று ஒவ்வொன்றாக, திருப்பித் திருப்பி அனுப்பிய அதே ஜன்னல்களில் நின்று, அண்ணியே வாங்கினார். இந்தத் தடவை "நாளெ வரூ" என்றவரிடம், "ஞான் இவிடெ இருந்நோளாம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். மலையாளம் நன்றாகவே வந்திருக்கிறது. புதுக் கடைக்குத் தன் பெயரையே வைத்தார். உறையின் பின்புறம் தயாரிப்பாளர் என்ற இடத்திலும் அதே பெயர். கடை திறந்த அன்று செயலியில் பார்த்தேன். அந்தப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், 'புதிய விற்பனையாளர்'. இத்தனை வருஷம் வெந்தவரைப் பார்த்து! ஒரு ஸ்டார்கூட இல்லை. சொந்தக்காரர்களை வைத்து ஆர்டர் போடட்டுமா என்றேன். "வேண்டாம் அம்மிணி. தெரியாதவங்க ஒருத்தரு காசு குடுத்து வாங்கட்டும்" என்றார். இரண்டு வாரமாயிற்று, வரவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். கம்பெனிக்காரர் மரியாதைக்குக் கொடுத்தனுப்பிய பாக்கெட்டை அண்ணன் பிரித்தார். சுடுசோற்றில் போட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். முகம் கோணிற்று. தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்.

"புள்ளே, நம்ம பொடி இல்லையா?"

"இருக்குதுங்க."

"பின்ன என்ன, கொண்டா."

"போன்ல ஆர்டர் போடுங்க. வரும்."

அண்ணன் பெரிதாகச் சிரித்தார். என்னைப் பார்த்தார், நான் சிரிக்கவில்லை. பிசைந்த கையோடு அண்ணியைப் பார்த்தபடி காத்திருந்தார். அண்ணி தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, ரசம் ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்தார்.