சாவியைப் போடச் சொல்லு

எங்கள் வண்டிக்கு அப்போது பதினான்கு வயது. டீசல் பிக்கப். கமுதிக்கு அப்பால் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து மிளகாய் வத்தல் மூட்டைகளை ஏற்றிப் போவதற்காக என் வீட்டுக்காரர் பழைய வண்டியாகப் பார்த்து வாங்கியது. எனக்கு உட்கார இடம் வேண்டுமே என்று இடதுபக்க சீட்டுக்குப் புது உறை தைத்துப் போட்டிருந்தார். அவருடைய சீட்டு கிழிந்தபடியே இருந்தது.

அந்த வண்டிக்கு ஒரு நோய் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கும், இன்ஜின் பிடிக்காது. ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். கமுதியில் ஒரு மெக்கானிக் டீசல் டேங்கைக் கழற்றிக் கழுவினார், ஃபில்டர் மாற்றினார். இரண்டு வாரம் ஓடி மறுபடியும் நின்றது. ராமநாதபுரத்தில் ஸ்கேனர் வைத்திருந்த ஒருவர் ஒயரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "ஸ்கேனர் கனெக்ட்டே ஆகல. வண்டியோட கம்ப்யூட்டர் போயிருச்சு, மாத்தணும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் நன்றி சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. கடலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். எங்களை வேதக்காரர் என்பார்கள். ராமநாதபுரத்தில் ஓர் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் உரம் வாங்க வருவார். தேவைக்கு அதிகமாகவே வந்தார். அவர் வேதக்காரர் இல்லை; ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்தது. அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அய்யா அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இரண்டு வருஷத்தில் இறந்தும் போனார்.

செய்தி கேட்டு நாங்கள் இருவரும் போனோம். கல்லறைத் தோட்டத்து வாசலில் என் தம்பி நின்றிருந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் அவனுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றார். ஆனாலும் அவன் என்னைப் பார்த்து, "அவர உள்ள வர வேணாம்னு சொல்லு" என்றான். நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர் திரும்பி நடந்துபோய் ரோட்டோரம் நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து ஆறு வருஷம் அப்படியே போயிற்று. அம்மாவைப் பார்க்க என்னைக் கூட்டிப்போவார். தெருமுனையில் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்துவார். நான் மட்டும் உள்ளே போவேன். இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ, வண்டியிலேயே இருப்பார். "வாங்களேன்" என்று ஒருமுறை கூப்பிட்டேன். "நீ போய்ட்டு வா. அவசரமில்ல" என்றார். தம்பியோ, நான் வருகிற நாட்களில் கடையை விட்டு வரமாட்டான். படகுகளின் ஜிபிஎஸ், மீன் கூட்டம் காட்டுகிற கருவி, வயர்லெஸ் எல்லாம் ரிப்பேர் செய்கிற சின்னக் கடை அவனுடையது. அம்மா வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் இருக்கும். பார்த்துவிட்டுப் பதினொரு மணிவாக்கில் நான் தெருமுனைக்குத் திரும்பியபோது, அவர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன?"

"பழைய கதைதான். ஆனா இந்தத் தடவ மஞ்ச லைட்டே எரியல."

சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும். அது எரியவே இல்லை என்றால் கம்ப்யூட்டர் விழிக்கவில்லை என்று அர்த்தமாம். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். விளக்கு எரியவில்லை. ராமநாதபுரத்துக்குப் போன் போட்டு ஆள் வரவழைக்கிறேன் என்றார்.

அதற்குள் அம்மா, கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு, வாசலுக்கு வந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாள். நேரே தம்பி கடையைப் பார்த்து நடந்தாள். அவள் பேசியது தெருவுக்கே கேட்டது.

"ஏலே, அக்கா வண்டி நின்னு போச்சு. ஊருல இருக்கவன் போட்டையெல்லாம் பாக்குறியே, இதைப் பாக்க மாட்டியா?"

தம்பி வந்தான். கையில் மீட்டரும் ஒரு துணிப்பையும். என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டான்.

"கம்ப்யூட்டர் பாக்ஸ் எங்கன இருக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? அவரைப் பார்த்தேன். "இடது பக்கம், கால் வைக்கிற இடத்துக்கு மேல" என்றார் என்னிடம். அதை நான் தம்பியிடம் சொன்னேன். இருவருக்கும் நடுவே ஒரு கதவு அகலம்கூட இல்லை.

தம்பி என் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் முதுகு பதியப் படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்துக்கொண்டான். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி, போன் லைட்டை அடித்துக்கொண்டு நான் நின்றேன்.

"அக்கா, சாவியைப் போடச் சொல்லு."

"சாவியைப் போடுங்க."

அவர் நான் சொல்கிறவரை காத்திருந்து சாவியைத் திருப்பினார்.

"பேட்டரி கரண்டு பாக்ஸுக்கு வருது. இப்ப செல்ஃப் அடிக்கச் சொல்லு."

"செல்ஃப் அடிங்க."

அடித்தார். தம்பி மீட்டரைப் பார்த்தான். "எர்த்தும் நல்லாருக்கு. பாக்ஸக் குத்தம் சொல்றதுக்கு முந்தி, அதுக்குச் சாப்பாடு போகுதான்னு பாக்கணும்ல. சாப்பாடு போகுது."

இதை அவன் யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. எனக்கு அது தேவையில்லாத செய்தி. டிரைவர் சீட்டில் இருந்தவர் தலையாட்டினார்.

அடுத்து ஆக்ஸிலேட்டர் பெடலில் இருக்கிற பிளக்கைப் பார்க்க வேண்டும் என்றான். சென்சார்களுக்குக் கம்ப்யூட்டர் ஐந்து வோல்ட் அனுப்ப வேண்டுமாம், அது வருகிறதா என்று பார்க்க. பெடல் என் வீட்டுக்காரரின் காலடியில் இருந்தது. அவரை இறங்கும்படி நான் சொல்வதற்குள் தம்பி படுத்தவாக்கிலேயே கையை நீட்டிவிட்டான். அவன் மேல் கால் பட்டுவிடக் கூடாது என்று அவர் இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். ஸ்டியரிங்குக்குப் பின்னால், அந்த உயரமான மனுஷன், முழங்கால் இடிக்க, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி அதைப் பார்த்தான். நீட்டிய கை ஒரு நொடி நின்றது.

ஐந்து வோல்ட் வரவில்லை. அப்போதும் தம்பி பாக்ஸைக் குற்றம் சொல்லவில்லை. ஏதாவது ஒரு சென்சார் கெட்டுப்போய் எல்லாக் கரண்டையும் இழுத்துக் குடித்தாலும் இப்படித்தான் இருக்குமாம். பானட்டுக்கு அடியில் ஒவ்வொரு சென்சார் பிளக்காகக் கழற்றினான். ஒவ்வொன்றுக்கும் "சாவி", "நிப்பாட்டு" என்று நான் இங்கும் அங்குமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா மூன்று டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. ஐந்து வோல்ட் வரவே இல்லை.

"அப்ப பாக்ஸுக்குள்ளதான்" என்றான். மறுபடியும் போய்ப் படுத்தான். பாக்ஸைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றி, ஒயரோடு தொங்கவிட்டு, அதை விரலால் அங்கங்கே அழுத்தத் தொடங்கினான். "மஞ்ச லைட்டு எரியுதான்னு கேளு."

"லைட்டு எரியுதா?"

"எரிஞ்சிச்சு. இப்ப இல்ல."

"எரிஞ்சிச்சாம். இப்ப இல்லையாம்."

"எந்த எடத்துல அமுக்குனப்ப?"

நான் அதை அவரிடம் கேட்பதற்குள் தம்பியின் விரல் வேறு இடத்துக்குப் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து அழுத்தினான். நான் நின்ற பக்கத்திலிருந்து வெயில் கண்ணாடியில் அடித்ததால் எனக்கு விளக்குத் தெரியவில்லை. தெரிகிறவர் அவர் ஒருவர்தான். நான் ஒரு கேள்வியைக் கொண்டுபோய்ப் பதிலைக் கொண்டுவருகிற நேரத்தில் அந்த விளக்கு இரண்டு தரம் எரிந்து அணைந்துவிடுகிறது. மூன்றாவது தடவை நான் வாயைத் திறந்தபோது அவர் முந்திக்கொண்டார்.

"எரியுது."

என்னிடம் சொல்லவில்லை. குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்துச் சொன்னார்.

"போச்சு. இல்ல, எரியுது. அங்கனதான், கைய எடுக்காதீங்க."

தம்பி விரலை எடுக்காமல் கேட்டான்: "இப்ப?"

"எரியுது."

"எடுத்துட்டேன். இப்ப?"

"அணைஞ்சிருச்சு."

"கொஞ்சம் இடது ஓரமா அமுக்குறேன், பாருங்க."

"எரியுது. நல்லா எரியுது."

நான் போன் லைட்டை அணைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் அதற்குப் பிறகு என்னை எதுவும் கேட்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்ததில் லைட் வேறு பக்கம் போய்விட்டது. "அக்கா, ஒழுங்காப் புடி" என்று தம்பி அதட்டினான்.

பாக்ஸைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேரும் போனார்கள். நான் பின்னால் போய்க் கடை வாசலில் நின்று பார்த்தேன். மூடியைத் திறந்ததும் உள்ளே பிளக் பக்கமாகப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் கசிந்து, பாக்ஸுக்குள் இறங்கியிருக்கிறது. "போட்டுல தினம் பாக்குறது இதுதான்" என்றான் தம்பி. ஏதோ திரவத்தை ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்தான். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, பிளக்கின் ஊசிக் கால்களில் ஒன்றை ஒட்டியிருந்த ஈயம் விரிசல் விட்டிருந்ததைக் காட்டினான். முடி அளவுக்குத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்தார். இருவர் தலையும் இடித்துக்கொண்டன.

தம்பி அந்த இடத்தில் புது ஈயத்தை உருக்கி வைத்தான். ஃபேன் காற்றில் காயவைக்க வேண்டும் என்றான். அந்த நேரத்தில் அம்மா கூப்பிட, சாப்பிடப் போனோம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். அம்மா அவர் தட்டில் மீன் துண்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். கண் சரியாகத் தெரியாததால் இரண்டு துண்டு சோற்றுக்கு வெளியே விழுந்தது.

மூன்று மணிக்கு பாக்ஸைப் பொருத்தினார்கள். விளக்கு எரிந்தது. செல்ஃப் ஒருமுறைதான் அடிக்க வேண்டியிருந்தது.

"இது எவ்வளவு நாளைக்குத் தாங்கும்னு சொல்ல முடியாது மச்சான்" என்றான் தம்பி. "நின்னா எனக்குப் போன் போடுங்க."

ஐந்து மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் சிக்கல் என்கிற ஊரைத் தாண்டி வண்டி நின்றது. அவர் தம்பிக்குப் போன் போட்டார். பக்கத்து சீட்டில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "மாப்பிள்ள, லைட்டு எரியல. பேட்டரி கரண்டு வருது, எர்த்தும் பாத்துட்டேன். அஞ்சு வோல்ட்டு இல்ல." எப்போதோ ஒரு மீட்டர் வாங்கி வைத்திருந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல்.

இந்தமுறை தம்பி வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பாக்ஸைத் தேடிப் பிடித்து, அதை எங்கள் வண்டிக்கு ஏற்றமாதிரி மதுரையில் புரோகிராம் எழுதி வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி எங்கள் ஊருக்கே வந்தான். முதல்முறையாக வந்தான். இரண்டு நாள் இருந்தான். கண்ணாடி ரப்பரையும் இருவருமாகச் சேர்ந்து மாற்றினார்கள்.

ஊருக்குத் திரும்பும் அன்று பஸ் ஸ்டாப்பில் என்னோடு நின்றவன், "அய்யா கல்லறையில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றான்.

"அத அவர்கிட்டச் சொல்லு" என்றேன்.

"சொல்லிட்டேன். நேத்தே."

"அவரு என்ன சொன்னாரு?"

"ரப்பரப் புடிங்க மாப்பிள்ள, நழுவுதுன்னாரு."

பஸ் வந்தது. அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். நான் வீட்டுக்கு நடந்தேன். திடீரென்று நல்ல பசி. மத்தியானக் குழம்பைச் சூடாக்கி, அவரையும் கூப்பிட்டுவைத்துச் சாப்பிட்டேன்.