எட்டும் எத்தும்: தணிகாசலத்தின் ஒலிப்பதிவுப் பெட்டி

தணிகாசலம் போய்விட்டார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். லைன் ஒரே கரகரப்பு. "எங்க போயிட்டாரு?" என்று கேட்டுத் தொலைத்தேன். எதிர்முனையில் இருந்தவர் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பெங்களூர் அல்சூரில் அவரை அறியாத தமிழர் குறைவு. ஆனால் விமானத் தொழிற்சாலையின் ரேடியோ பிரிவில் பக்கத்து மேஜைக்காரனாக இருந்து, அவரோடு தினமும் சண்டை போட்டவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சோதனைக்குப் பறக்கும் விமானத்தில், உள்ளே இருப்பவர்கள் மைக்கில் பேசுவதெல்லாம் டேப்பில் பதிவாக ஒரு பெட்டியைப் பொருத்தினார் தணிகாசலம். பைலட்டுகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'கோள்மூட்டிப் பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். மைக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு பறந்தார்கள். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். இவரோ ஒவ்வொருவரிடமும் போய், "பெட்டிக்குக் காது உண்டுய்யா, நாக்கு கிடையாது. உங்க பேச்ச உங்களுக்குப் போட்டுக் காட்டாம வேற யாருக்கும் தரமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். அரைமனதாகப் பஞ்சை எடுத்தார்கள்.

அந்த வாக்குக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. பைலட் ராஜமாணிக்கம் ஒரு விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் கண் கருவிகளின் மேல் இருக்க வேண்டும். தரை எத்தனை அடியில் இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது நஞ்சப்பாவின் வேலை. நஞ்சப்பா கன்னடக்காரர், ராஜமாணிக்கத்துக்காகத் தமிழில்தான் எண்ணிக்கை சொல்வார். பத்தடிக்குள் வந்த பிறகே எஞ்சினைத் தணிக்க வேண்டும்; இருபது அடிக்கு மேல் இருக்கும்போதே ராஜமாணிக்கம் தணித்துவிட்டார். விமானம் தொப்பென்று விழுந்து சக்கரம் முறிந்தது. நல்லவேளை, இருவருக்கும் அடி இல்லை.

"எட்டடின்னு அவன்தான் சொன்னான்" என்றார் ராஜமாணிக்கம். "சத்தியமா சொல்லல" என்றார் நஞ்சப்பா. பைலட் பேச்சுதான் எடுபட்டது. நஞ்சப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று ஏறக்குறைய முடிவே ஆகிவிட்டது. மூன்று பெண் குழந்தைகளின் தகப்பன், பாவம், கேன்டீனில் டீயைக் கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

மேலதிகாரி டேப்பைக் கொண்டுவரச் சொன்னார். "பேசினவங்க ரெண்டு பேரும் முதல்ல கேக்கட்டும் சார், அப்புறம் தரேன்" என்றார் தணிகாசலம். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியே வந்ததும் நான் எகிறினேன்: "ஏன்யா, உனக்கென்ன கிறுக்கா? அவன் வேலையோட உன் வேலையும் போகட்டும்னா?"

"நாளைக்கே மறுபடியும் மைக்குல பஞ்சு வெப்பாங்க. நீ போய் எடுப்பியா?" என்றார். முணுமுணுத்துக்கொண்டே அந்த இருவரையும் கூட்டிவரப் போனேன்.

ரேடியோ அறையில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். டேப் ஓடியது. முப்பது, இருபத்தஞ்சு என்று நஞ்சப்பாவின் குரல். பிறகு எஞ்சின் இரைச்சலுக்குள் ஓர் அலறல்.

"கேட்டீங்களா? எட்டு, எட்டுங்கிறான்!" என்றார் ராஜமாணிக்கம்.

நஞ்சப்பா துள்ளி எழுந்தார். "எட்டு இல்ல சார், எத்து! ரன்வேல நாய் குறுக்க வந்துது. தூக்கு, தூக்குன்னு கத்தினேன்!"

கன்னடத்தில் எத்து என்றால் தூக்கு. பதற்றத்தில் தமிழ் மறந்து தாய்மொழி வந்துவிட்டது; விழுந்த அதிர்ச்சியில், என்ன கத்தினோம் என்பதே டேப்பைக் கேட்கும்வரை அவருக்கு நினைவில்லை. அது தமிழ்க் காதில் எட்டாக விழுந்துவிட்டது. தணிகாசலம் டேப்பை மறுபடியும் ஓட்டினார். இந்த முறை நாய் என்கிற சொல்லும் மங்கலாகக் கேட்டது. ராஜமாணிக்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட கஷ்டகாலமே! நான் கேட்டதும் நிஜம், இவன் சொன்னதும் நிஜம்!" என்றவர், நஞ்சப்பாவின் தோளில் கை போட்டு அதிகாரியிடம் தானே அழைத்துப் போனார். டேப்பைத் தூக்கிக்கொண்டு தணிகாசலம் பின்னால் ஓடினார். நஞ்சப்பாவின் வேலை பிழைத்தது.

அதன் பிறகு உயரத்தை இங்கிலீஷில் மட்டுமே சொல்வது என்றும், மேலே தூக்க 'அப்' என்ற ஒரே சொல் என்றும் விதி வந்தது. மைக்கில் பஞ்சு வைத்த அதே பைலட்டுகள் புறப்படும் முன், "தணிகா, பெட்டி ஓடுதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் முகத்தில் அன்று பார்த்த சிரிப்பை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

இறுதிச் சடங்குக்கு ராஜமாணிக்கமும் நஞ்சப்பாவும் ஒரே ஸ்கூட்டரில் வந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "காலைல ஃப்ளைட் இருக்கு, சார் கூட" என்று ராஜமாணிக்கத்தைக் காட்டி நஞ்சப்பா என்னிடம் விடைபெற்றார்.

தணிகாசலத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். இரண்டு பேர் சண்டை போட்டால் அதில் ஒருவன் பொய்யன் என்றே நினைத்து வாழ்ந்த முன்கோபி நான். இரண்டு பேருமே உண்மை பேசியிருக்கலாம் என்று இப்போது ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். என் வீட்டிலேயே அதற்குப் பிறகு சண்டை குறைந்திருக்கிறது.