ஊர் பேர் இல்லாத படம்

அந்தப் படத்தில் பெரிய நீர்ப்பரப்பு, கரையோரம் வரிசையாக ஓட்டுக் கட்டடங்கள், நாலைந்து படகுகள். யார் எடுத்தது, எந்த ஊர், ஒன்றும் கிடையாது. பின்னால் அண்ணன் கையெழுத்தில் ‘நல்லா இருக்கிறேன்’ என்று மட்டும். எழுபதுகளின் கடைசியில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு எங்கள் மலையூரான வெள்ளக்கடையை விட்டுப் போனவனிடமிருந்து வந்த ஒரே தபால் அது.

எஸ்டேட் ஆபீஸுக்கு வரும் தபாலை கணக்கெழுதும் ரைட்டர்தான் பிரித்துக் கொடுப்பார். காப்பிப் பழம் பறிக்கப் போன அம்மா வாங்கி வந்து என்னிடம் நீட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் ஏழாவது, பள்ளியில் எங்களுக்கெல்லாம் தபால்தலை சேர்க்கும் பைத்தியம். படத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு உறையைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தபால்தலை அழகாகக் கழன்று வந்தது. முத்திரையின் மசி கரைந்து போயிருந்தது. அனுப்பிய ஊர் அதில்தானே இருந்திருக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. உறையை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அம்மா கேட்பாள் கேட்பாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் நாலு அடியோடு போயிருக்கும். கேட்காததுதான் என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

வேலைக்குப் போனதும், ஊர் பார்க்கப் போவதாகச் சொல்லி, அவள் பெட்டியிலிருந்து படத்தைத் தெரியாமல் எடுத்துக்கொண்டு அலைந்தேன். சென்னை, விசாகப்பட்டினம், பம்பாய். கரையில் நின்று படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். எதுவும் ஒத்துவராது. ‘கொச்சியில் பாருங்களேன்’ என்று ஒருவர் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. சேலத்தில் ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் இறங்கிவிடலாம். கோபித்துக்கொண்டு போகிறவன் அவ்வளவு பக்கத்திலா போய் உட்காருவான்?

கல்கத்தாவிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பிய அன்று என்னால் முடியவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“உறை போனாப் போவுது கண்ணு. குடுக்கறப்பவே ரைட்டர் முத்திரையப் படிச்சுச் சொல்லிட்டாரு. கொச்சி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “தெரிஞ்சுமா இத்தன வருசம் ஊட்லயே இருந்த?” என்று கத்திக்கொண்டே செருப்பைத் தேடினேன். மதிய பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரி ரயிலுக்குப் போய்விடலாம்.

“உக்காரு சாமி,” என்றாள். முறம் நின்றிருந்தது. “வாம்மான்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா நான் அன்னிக்கே போயிருக்க மாட்டனா?”